குடிநோயாளி இருக்கும் வீட்டில் சத்தியம் ஏன் வேலை செய்வதில்லை?

மின்கம்பத்திலும் பேருந்து நிலையச் சுவரிலும் ஒட்டியிருக்கும் அந்தச் சின்ன நோட்டீஸைத் தமிழ்நாட்டில் பலரும் பார்த்திருப்பார்கள்: 'குடிப்பவருக்குத் தெரியாமலேயே குடியை நிறுத்தலாம்.' கீழே ஒரு செல்போன் எண். இன்னொரு பக்கம், அனுமதி இல்லாமல் நடந்துவந்த போதை மறுவாழ்வு மையத்தில் ஒருவர் அடிபட்டு இறந்தார், மையத்துக்குச் சீல் வைத்தார்கள் என்ற செய்தி அவ்வப்போது வருகிறது. படிப்பவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். பெற்றவர்களும் கட்டியவளும் எப்படி இப்படிப்பட்ட இடத்தில் கொண்டுபோய் விட்டார்கள்?

அவர்களுக்குத் தெரிந்த வழியெல்லாம் அதற்குள் தீர்ந்துபோயிருக்கும் என்பதுதான் பதில். கெஞ்சிப் பார்த்திருப்பார்கள், சண்டை போட்டிருப்பார்கள், பெரியப்பாவைக் கூப்பிட்டுப் பஞ்சாயத்து வைத்திருப்பார்கள், கோவிலில் கயிறு கட்டியிருப்பார்கள். குழந்தையின் தலையில் அடித்துச் சத்தியமும் வாங்கியிருப்பார்கள். அடுத்து மிஞ்சுவது, அந்த நோட்டீஸ்காரர் சாப்பாட்டில் கலக்கச் சொல்லிக் கொடுக்கும் பொடி அல்லது பூட்டிய அறை. இரண்டுக்கும் இடையில் மருத்துவம் என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியவில்லை. மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருந்தார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர்.

வீட்டில் ஒருவர் குடியிலோ வேறு போதையிலோ சிக்கியிருந்தால் மற்றவர்கள் என்ன செய்யலாம், எது ஆபத்து, எது வெறும் வீண் வேலை என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம். தமிழ்நாட்டு வீடுகளில் மதுதான் பெரிய பிரச்சினை என்பதால் முதலில் அது. கஞ்சா, மாத்திரை பற்றிப் பிற்பகுதியில்.

குடிப்பழக்கம் எப்போது நோயாகிறது?

எவ்வளவு குடிக்கிறார் என்பதை வைத்து மட்டும் நோயைச் சொல்ல முடியாது. ஆனாலும் அளவைத் தெரிந்துகொள்வது நல்லது. ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. நம் ஊர்ப் பிராந்தியிலோ விஸ்கியிலோ ஆல்கஹால் 42.8 சதவீதம். கணக்குப் போட்டால் ஒரு குவார்ட்டரில் சுமார் 60 கிராம் தூய ஆல்கஹால் இருக்கிறது. பல நாடுகளில் 10 கிராமைத்தான் ஒரு 'டிரிங்க்' என்று கணக்கிடுகிறார்கள். அப்படியானால் 'தினமும் ஒரு குவார்ட்டர்தான்' என்பவர் நாளொன்றுக்கு ஆறு டிரிங்க் குடிக்கிறார். 'ஒரு கட்டிங் மட்டும்' என்றால் மூன்று.

மருத்துவர்கள் நோயை அடையாளம் காண ஆறு அறிகுறிகளைப் பார்க்கிறார்கள். ஓராண்டுக்குள் இவற்றில் மூன்று சேர்ந்து இருந்தால் அது சார்புநிலை, அதாவது குடிநோய்:

1. குடித்தே ஆக வேண்டும் என்ற அடக்க முடியாத ஏக்கம்.
2. தொடங்கினால் நிறுத்த முடியாமை. ஒரு கட்டிங் என்று போனவர் கடை மூடும்வரை இருப்பது.
3. குடிக்காவிட்டால் கைநடுக்கம், வியர்வை, தூக்கமின்மை.
4. முன்பு கிடைத்த அதே போதைக்கு இப்போது கூடுதல் அளவு தேவைப்படுவது.
5. வேலை, விளையாட்டு, குழந்தைகள், உறவு எல்லாம் பின்னுக்குப் போய், குடிப்பதும் அதற்கு ஏற்பாடு செய்வதுமே நாளாகிவிடுவது.
6. ஈரல் கெட்டுவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகும் தொடர்வது.

மூன்றாவது அறிகுறியை வீட்டில் இருப்பவர்கள் எளிதாகக் கண்டுபிடிக்கலாம். காலையில் டீ கிளாஸைப் பிடிக்கும்போது கை ஆடும். ஒரு கையால் முடியாமல் இரண்டு கையால் பிடிப்பார். அல்லது கிளாஸை எடுக்காமல் குனிந்து முதல் வாயை உறிஞ்சுவார். மதியம் பன்னிரண்டுக்குத் திறக்கிற கடைக்குக் காத்திருக்க முடியாமல் காலை ஏழு மணிக்கே பிளாக்கில் தேடுகிறார் என்றால், அவர் அப்போது சந்தோஷத்துக்காகக் குடிக்கவில்லை. நடுக்கத்தை நிறுத்தக் குடிக்கிறார். இந்த நிலைக்கு வந்தவரிடம் 'மனசு வைத்தால் முடியாதா?' என்று கேட்பதில் அர்த்தமில்லை. மனம் வைக்கிற மூளையே மாறியிருக்கிறது.

திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும்?

நல்லெண்ணமே உயிருக்கு உலை வைக்கும் இடம் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

மாவு மில்லுக்குப் பக்கத்து வீட்டில் வருடக்கணக்காகக் குடியிருப்பவர் எப்போதும் உரத்த குரலில்தான் பேசுவார். மில் சத்தத்துக்கு அவர் குரல் பழகிவிட்டது. ஒருநாள் திடீரென்று மில் நின்றுவிட்டால், அமைதியான தெருவில் அவர் குரல் மட்டும் கத்தலாகக் கேட்கும். மூளையும் அப்படித்தான். மது மூளையை அடக்கும். தினமும் அடக்கினால், மூளை தன் வேகத்தைக் கூட்டிக்கொண்டு ஈடுகட்டும். மதுவை ஒரே நாளில் எடுத்துவிட்டால் அந்தக் கூட்டிய வேகம் மட்டும் மிச்சம் இருக்கும். நடுக்கம், படபடப்பு, வலிப்பு எல்லாம் அதன் விளைவு.

பொதுவாக நடக்கும் வரிசை இது:

1. கடைசியாகக் குடித்து 6 முதல் 12 மணி நேரத்துக்குள்: கைநடுக்கம், வியர்வை, குமட்டல், எரிச்சல், தூக்கமின்மை.
2. சுமார் 48 மணி நேரம் வரை: சிலருக்கு வலிப்பு. அதுவரை வலிப்பே வராதவருக்கும் வரலாம்.
3. இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரை: சிலருக்குச் சித்தப்பிரமை. இடம், நேரம், ஆள் தெரியாது. சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், இல்லாதவரோடு பேசுவார். காய்ச்சலும் வேகமான இதயத்துடிப்பும் சேர்ந்து வரும். ஆங்கிலத்தில் இதை டெலிரியம் ட்ரெமன்ஸ் என்கிறார்கள். சிகிச்சை இல்லாவிட்டால் உயிர் போகும் நிலை இது.

எல்லோருக்கும் மூன்றாம் கட்டம் வராது. பல வருடம் தினமும் குடித்தவர், முன்பு நிறுத்தியபோது வலிப்பு கண்டவர், ஈரல் நோயோ காய்ச்சலோ இருப்பவர் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம்.

இப்போது கார்த்திகை முதல் தேதியை நினைத்துப் பாருங்கள். பத்து வருடமாகத் தினமும் இரண்டு குவார்ட்டர் குடித்தவர், குருசாமி கையால் மாலை போட்டுக்கொண்டு அன்றே நிறுத்துகிறார். வீடே மகிழ்கிறது. மூன்றாம் நாள் ராத்திரி எழுந்து உட்கார்ந்து பாயில் எதையோ பொறுக்குகிறார், கூப்பிட்டால் திரும்பவில்லை. சாமி வந்துவிட்டது என்றோ பேய் பிடித்துவிட்டது என்றோ வீட்டில் நினைத்தால் விடிவதற்குள் நிலைமை கைமீறிவிடும். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது 108-க்குப் போன் செய்து, 'தினமும் குடிப்பவர், குடியை நிறுத்தி மூன்று நாள் ஆகிறது' என்று தெளிவாகச் சொல்வதுதான். இந்த ஒரு வரி மருத்துவருக்குப் பெரிய உதவி. கால் முறிந்தோ மஞ்சள் காமாலைக்காகவோ ஆஸ்பத்திரியில் சேர்ந்த குடிநோயாளிக்கும் இதே மூன்றாம் நாள் வரும். அங்கே வெட்கப்பட்டுக் குடியை மறைப்பது மிகப் பெரிய தவறு.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள்? மூளையின் வேகத்தைப் படிப்படியாகக் குறைக்கும் மாத்திரைகளை, நாளுக்கு நாள் அளவைக் குறைத்துக்கொண்டே, ஒரு வாரம் பத்து நாள் கொடுப்பார்கள். குளோர்டயசிபாக்சைடு, டயசிபாம், லோரசிபாம் ஆகியவை வழக்கமான மருந்துகள். தயமின் என்ற பி1 வைட்டமினை ஊசியாகப் போடுவார்கள். குடிநோயாளிகள் பலரின் உடலில் இது அடிமட்டத்தில் இருக்கும். இது இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைப் பாதிப்பு தீவிரமாகி, நினைவாற்றல் நிரந்தரமாகப் போகக்கூடும். மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கி வீட்டிலேயே இந்த வைத்தியத்தைப் பார்க்க நினைக்கக் கூடாது. மாத்திரையும் மதுவும் சேர்ந்தால் மூச்சு அடங்கிவிடும்.

அதனால் முதல் விதி கேட்பதற்கு விசித்திரமாக இருக்கும்: தினமும் அதிகம் குடித்துக் காலையில் நடுங்குபவரை, மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பு, ஒரேயடியாக நிறுத்தச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். அறையில் வைத்துப் பூட்டாதீர்கள்.

தெரியாமல் கலக்கும் பொடி

இனி அந்த நோட்டீஸ். பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வெறும் மூலிகைத் தூளாக இருந்தால் பணம் மட்டும் நஷ்டம். டைசல்ஃபிராம் என்ற மருந்தாக இருந்தால் கதை வேறு.

டென்மார்க்கில் 1940-களில் குடிநோய்க்கு மருந்தாக அறிமுகமானது டைசல்ஃபிராம். மது உடலில் உடையும்போது நடுவில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருள் உண்டாகும். வழக்கமாக உடல் அதை உடனே அகற்றிவிடும். இந்த மருந்து அந்த வேலையைத் தடுத்துவிடுவதால், குடித்த சில நிமிடங்களில் முகம் சிவந்து, தலை வெடித்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடக்கும். குடித்தால் இப்படி ஆகும் என்று தெரிந்து, தானே சம்மதித்து, ஈரல் பரிசோதனை செய்துகொண்டு எடுப்பவருக்கு அந்தப் பயமே ஒரு வேலி. சாம்பாரில் கலந்து கொடுக்கப்பட்டவருக்கு வேலி இருப்பதே தெரியாது. அவர் வழக்கம்போல் ஒரு ஆஃப் அடிப்பார். ரத்த அழுத்தம் சரிந்து இதயம் நிற்கக்கூடும். மருந்தை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட இந்த எதிர்வினை வரலாம்.

இன்னொரு சேதமும் உண்டு. என்றாவது விஷயம் தெரிந்தால், அவர் வீட்டுச் சோற்றை நம்ப மாட்டார். டாக்டர் எழுதிக்கொடுக்கும் மாத்திரையையும் நம்ப மாட்டார்.

குடும்பம் மாட்டிக்கொள்ளும் இரண்டு பள்ளங்கள்

ஒரு வீட்டை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கணவர் லேத் பட்டறையில் வேலை செய்கிறார். திங்கட்கிழமை எழ முடியவில்லை. மனைவி ஓனருக்குப் போன் செய்து, 'அவருக்கு வைரல் காய்ச்சல்ண்ணே' என்கிறார். கணவர் வெளியில் வாங்கிய கைமாற்றை அடைக்க மகளிர் குழுவில் லோன் எடுக்கிறார். ராத்திரி பதினொரு மணிக்கு வருபவருக்குத் தோசை சுட்டுப் போடுகிறார். போட்டுக்கொண்டே சண்டையும் பிடிக்கிறார். அவர் தட்டைத் தள்ளிவிடுகிறார். காலையில் அவருக்கு வெட்கம், மனைவிக்குக் கோபம். மாலையில் அந்த வெட்கத்தை மறக்க அவர் மறுபடி கடைக்குப் போகிறார்.

இதில் மனைவி செய்த ஒவ்வொன்றும் அன்பிலிருந்தோ மானத்திலிருந்தோ வந்ததுதான். அவரைக் குற்றம் சொல்ல எதுவுமில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். குடித்ததால் வந்த நஷ்டத்தை எல்லாம் அவர் ஏற்றுக்கொண்டார். குடித்த நாளில் கணவருக்கு முழுக் கவனமும் சூடான சாப்பாடும் கிடைத்தது. குடிக்காமல் வந்த ஒரு புதன்கிழமை என்ன கிடைத்தது? 'இன்னைக்கு மட்டும் என்ன அதிசயம்?' என்ற ஒரு குத்தல்.

சத்தியம் வேலை செய்யாததன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. சத்தியம் செய்யும் நேரத்தில் பெரும்பாலானவர்கள் பொய் சொல்வதில்லை, மனதாரத்தான் செய்கிறார்கள். ஆனால் அது காலை ஒன்பது மணி மூளை செய்யும் சத்தியம். மாலை ஆறு மணிக்கு உடல் நடுங்கி, கூட்டாளி பைக்கில் வந்து நிற்கும்போது அதைக் காப்பாற்ற அவரிடம் எந்த ஏற்பாடும் இல்லை. உடைந்த பிறகு, 'பிள்ளை தலையில் அடித்த சத்தியத்தையே மீறியவன்' என்ற பெயர் வேறு சேர்ந்துவிடும். அதைத் தாங்கவும் அவருக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான்.

குடும்பத்தால் முடிந்தது: கிராஃப்ட் முறை

அமெரிக்காவில் நியூ மெக்ஸிகோ பல்கலைக்கழகத்தின் ராபர்ட் மேயர்ஸ் உருவாக்கிய கிராஃப்ட் என்ற பயிற்சி, குடிப்பவரை விட்டுவிட்டு அவர் வீட்டாரிடமிருந்து தொடங்குகிறது. 'அவர்தான் சிகிச்சைக்கு வரமாட்டேன் என்கிறாரே' என்று தவிப்பவர்களுக்கான முறை இது. 1999-ல் வெளியான ஓர் ஆய்வில் 130 குடும்பங்களை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். கிராஃப்ட் கற்ற குடும்பங்களில் 64 சதவீதத்தினர், சிகிச்சையே வேண்டாம் என்றிருந்தவரைச் சிகிச்சைக்குள் கொண்டுவந்தார்கள். எல்லோரும் திரண்டு உட்கார்ந்து ஒரே நாளில் முகத்துக்கு நேராகப் பேசும் முறையில் இது 30 சதவீதம். உறவினர்கள் தங்களைத் தேற்றிக்கொள்வதற்கான அல்-அனான் வழியில் 13 சதவீதம். அல்-அனானைக் குறைத்துச் சொல்வதாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். அதன் நோக்கமே வேறு, குடிப்பவரை மாற்றுவதை அது இலக்காக வைக்கவில்லை. ஆனால் நம் ஊர்ப் பஞ்சாயத்து முறைக்கு அந்த 30 ஒரு செய்தி. பஞ்சாயத்துக்கு வந்தவர் அவமானத்தோடு எழுந்து போவதுதான் பெரும்பாலும் நடக்கிறது.

இந்த முறையின் அடிப்படை எளிது. குடிக்காத நேரம் இனிக்க வேண்டும். குடித்த நேரத்தின் விளைவு குடித்தவரிடமே போய்ச் சேர வேண்டும். சிகிச்சை பற்றிய பேச்சு சரியான நேரத்தில் வர வேண்டும்.

இது நமக்குப் புதிதே அல்ல. மாலை போடுபவரை மறுபடி நினைத்துப் பாருங்கள். 48 நாள் அவருக்கு 'சாமி' என்று ஒரு புதுப் பெயர். மனைவி, பிள்ளை, தெருக்காரர் எல்லோரும் மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள். காலையில் குளியல், மாலையில் பஜனை, கூட வேறு நண்பர்கள். கடைக்குப் போகாததற்குச் சாக்குச் சொல்ல வேண்டியதில்லை, கழுத்திலேயே காரணம் தொங்குகிறது. உடல்ரீதியான ஆபத்தைக் கடந்துவிட்டால், கடும் குடிகாரர்கள்கூட ஒன்றரை மாதம் ஒரு சொட்டுத் தொடாமல் இருக்கிறார்கள். மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றியதும் பெயர் போகிறது, பஜனை போகிறது, மரியாதை போகிறது. பைக்கில் கூட்டாளி வருகிறார். பக்தி குறைந்துவிட்டது என்று இதற்கு விளக்கம் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 48 நாளும் அவரைத் தாங்கிய ஏற்பாடு முழுவதும் ஒரே நாளில் கலைந்ததுதான் காரணம்.

அந்த ஏற்பாட்டில் கொஞ்சத்தையாவது வீட்டில் எப்படிக் கட்டுவது?

1. கவனித்துக் குறித்து வைப்பது. எந்தக் கிழமை, யாரோடு, எந்த நேரம், அதற்கு முன் என்ன நடந்தது? பல வீடுகளில் சம்பள நாளும் சனிக்கிழமையும் ஒரு குறிப்பிட்ட நண்பரும் திரும்பத் திரும்ப வருவதைப் பார்க்கலாம். சம்பள நாள் மாலை ஐந்து மணிக்கு மகளை டியூஷனில் இருந்து கூட்டிவரும் வேலை அவருக்கு இருந்தால், அந்த நாள் வேறு மாதிரிப் போக வாய்ப்பு உண்டு.

2. குடிக்காமல் வந்த நாளைச் சொல்லிக் காட்டுவது. 'என்னங்க, நேத்து ஏழு மணிக்கே வந்துட்டீங்க. பாப்பா உங்ககூட உக்காந்து சாப்பிட்டா. எனக்கு மனசுக்கு நிறைவா இருந்துச்சு.' அவ்வளவுதான். 'இப்படியே தினமும் இருந்தா என்ன?' என்று வால் சேர்த்தால் முழுவதும் கெட்டுவிடும். பரிசாகப் பணம் கொடுக்கக் கூடாது. பிடித்த குழம்பு, சேர்ந்து உட்கார்ந்து பார்க்கும் கிரிக்கெட், ஒரு சினிமா போதும்.

3. குடித்து வந்தால் விலகுவது. சாப்பாடு மூடி வைத்திருக்கும், சூடு பண்ணித் தர யாரும் எழ மாட்டார்கள். சண்டையும் இல்லை, உபசரிப்பும் இல்லை. ஓனருக்குப் போன் செய்வதை நிறுத்துவது, கைமாற்றை அடைக்காமல் இருப்பது இந்த வகைதான். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. நினைவில்லாமல் கிடந்தால் விட்டுவிடக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, மூச்சு சீராக வருகிறதா என்று பார்க்க வேண்டும். எழுப்பியும் எழாவிட்டால் 108.

4. பேசும் நேரத்தைத் தேர்ந்தெடுப்பது. போதையில் இருப்பவரிடம் பேசுவது சுவரிடம் பேசுவது. அவரே வருந்தும் நேரம் ஒன்று வரும். வாந்தியில் ரத்தம் கண்ட காலை, வண்டியில் விழுந்த மறுநாள், மகன் பேசாமல் போன நாள். அப்போது நீண்ட பிரசங்கம் வேண்டாம். 'டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிட்டு வரலாமா? நானும் வர்றேன். நடுக்கம் வராம இருக்க மாத்திரை இருக்காம்.' முழுச் சிகிச்சை என்றால் மறுப்பவர்கள் நடுக்கத்துக்கும் தூக்கத்துக்கும் மருந்து என்றால் வருவார்கள். அந்த வாசல் போதும்.

5. அவர் 'சரி' என்றால் அன்றே போவது. எந்த மருத்துவமனை, ஓ.பி. எத்தனை மணிக்கு, கூட யார் வருவார், எவ்வளவு பணம் என்பதெல்லாம் முன்பே தெரிந்திருக்க வேண்டும். 'சரி' என்ற மனநிலை சில மணி நேரமே நிற்கும். திங்கட்கிழமை பார்க்கலாம் என்று தள்ளினால் திங்கட்கிழமை அவர் வேறு ஆள்.

எங்கே போவது, எதைக் கேட்பது?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. குடிநோய் அங்கேதான் பார்க்கப்படுகிறது. பைத்தியக்கார வார்டு என்ற பயம் பலரைத் தடுக்கிறது, ஆனால் ஓ.பி.யில் பாதிப்பேர் தூக்கம் வரவில்லை, தலைவலி என்று வந்தவர்களாகத்தான் இருப்பார்கள். சென்னையில் 1980-ல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை போன்ற இடங்களில் குடும்பத்தாருக்கும் சேர்த்தே சிகிச்சை நடக்கிறது. போனில் ஆலோசனை கேட்க, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் தமிழில் பேசலாம். போதை மீட்புக்கான தேசிய எண் 14446.

நடுக்கம் அடங்கியதோடு சிகிச்சை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. அது வெறும் முதல் வாரம். அதற்குப் பிறகு ஏக்கத்தைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் மாதக்கணக்கில் தேவைப்படலாம். கவுன்சலிங், குடியை விட நினைப்பவர்கள் கூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டம் ஆகியவையும் அப்போதுதான்.

தனியார் மறுவாழ்வு மையம் என்றால் சட்டத்தைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதையால் வரும் மனநலப் பாதிப்பையும் மனநோயின் வரையறைக்குள் கொண்டுவருகிறது. அதன்படி:

1. நோயாளிகளைத் தங்கவைக்கும் மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லலாம்.
2. விருப்பமில்லாதவரைச் சேர்க்க, மனைவி கையெழுத்து மட்டும் போதாது. ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மனநல வல்லுநரோ மருத்துவரோ தனித்தனியாகப் பரிசோதித்து, தனக்கோ பிறருக்கோ ஆபத்து இருக்கிறது அல்லது தன்னைக் கவனித்துக்கொள்ள இயலாத நிலை என்று சொல்ல வேண்டும். அப்படிச் சேர்த்தாலும் முதலில் 30 நாள் வரைதான்.
3. சங்கிலியால் கட்டுவதும் தனியறையில் பூட்டி வைப்பதும் சட்ட விரோதம்.

வேனில் நாலு பேர் வந்து தூக்கிப்போகும் சேவை எதுவும் இந்தச் சட்டத்துக்குள் வராது. ஆறு மாதத்துக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு, முதல் மாதம் பார்க்கவே வரக் கூடாது என்று சொல்லும் இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். இரவில் டாக்டரோ நர்ஸோ இருக்கிறாரா, வலிப்பு வந்தால் எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவீர்கள் என்ற இரண்டு கேள்விக்கு வரும் பதிலிலேயே மையத்தின் தரம் தெரிந்துவிடும்.

மகன் கஞ்சா, மாத்திரை என்று போனால்

கஞ்சாவை நிறுத்தினால் எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை வரும். மதுவைப் போல உயிராபத்து வருவதில்லை. ஆனால் சந்தேகம், காதில் குரல் கேட்பது போன்றவை தொடங்கினால் தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் போக வேண்டும்.

வலி மாத்திரைகளைக் கரைத்து ஊசியாகப் போடுவது வேறு வகை. தமிழ்நாட்டில் போலீஸ் அடிக்கடி பிடிக்கும் டபென்டாடோல் போன்றவை அபின் இனத்து மருந்துகளைப் போலவே செயல்படுபவை. இதற்குப் புப்ரெநார்ஃபின் போன்ற மாற்று மருந்துச் சிகிச்சை உண்டு. ஒன்று மட்டும் முக்கியம். ஒரு மாதம் நிறுத்தியவரின் உடல் பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும். மையத்திலிருந்து வந்த முதல் வாரத்தில் பழைய அளவையே போட்டால் மூச்சு நின்றுவிடும். வீட்டில் இருப்பவர்களுக்கும் அவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

டாக்டரிடம் சொன்னால் போலீஸ் வருமோ என்ற பயம் பெற்றோரிடம் அதிகம். சிகிச்சைக்கு வருபவரைப் போலீஸில் பிடித்துக் கொடுப்பது மருத்துவரின் வேலை இல்லை. வழக்கே வந்திருந்தாலும், 1985-ம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்ட போதை அடிமை தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கும் போகும்.

அடி விழும் வீடு

மேலே சொன்ன எதுவும் அடிக்கும் கணவரைச் சமாளிக்கும் உத்தி இல்லை. அடி இருக்கும் வீட்டில் முதல் வேலை பாதுகாப்பு. ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், கொஞ்சம் பணம், ஒரு சாவி ஆகியவை ஒரு பையில், பக்கத்து வீட்டிலோ அக்கா வீட்டிலோ இருக்கட்டும். பெண்கள் உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098. 'குடிச்சா அடிப்பான், மத்தபடி தங்கமானவன்' என்று சொல்லிக் குடியைக் காரணம் காட்டினாலும், 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அதற்காக எந்த விலக்கும் தருவதில்லை. சாகப்போகிறேன் என்று அவர் சொன்னால் அதை மிரட்டல் என்று தள்ளிவிடக் கூடாது. பூச்சிமருந்தை வீட்டிலிருந்து அகற்றிவிட்டு, அன்றே மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும்.

மறுபடி குடித்துவிட்டால்

சிகிச்சைக்குப் பிறகு 40 முதல் 60 சதவீதம் பேர் ஏதோ ஒரு கட்டத்தில் மறுபடி தொடுகிறார்கள். ரத்தக் கொதிப்புக்கும் ஆஸ்துமாவுக்கும் மருந்து எடுப்பவர்களிடம் நோய் திரும்பும் விகிதம் இதற்குக் குறைந்ததில்லை. பிரஷர் ஏறினால் மாத்திரையை மாற்றுவோம், 'நீ திருந்த மாட்டே' என்று சொல்ல மாட்டோம்.

ஒருமுறை சறுக்குவதும் முழுவதும் பழையபடி ஆவதும் ஒன்றில்லை. இரண்டுக்கும் நடுவில் பெரும்பாலும் சில நாள் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியில் வீட்டார் என்ன சொல்கிறார்கள் என்பது முக்கியம். அதை நல்லபடியாக இருக்கும் நாளிலேயே இருவரும் பேசி வைத்துக்கொள்ளலாம்: தொட்டுவிட்டால் 24 மணி நேரத்துக்குள் யாரிடம் சொல்வது, எந்த டாக்டரிடம் போவது, மாத்திரையை நிறுத்த வேண்டுமா தொடர வேண்டுமா. டைசல்ஃபிராம் எடுப்பவர் என்றால் இந்தக் கடைசிக் கேள்விக்கு டாக்டரிடம் முன்பே பதில் வாங்கி, மாத்திரை டப்பாவிலேயே எழுதி ஒட்டிவைக்கலாம்.

அப்புறம் அந்த நாள் வரும்போது, வாசலில் செருப்பை விட்டுவிட்டுத் தலைகுனிந்து நிற்பவரிடம், 'மறுபடியுமா?' என்பதற்குப் பதில், 'சரி, உள்ள வாங்க. காலைல எட்டு மணிக்கு ஓ.பி.க்குப் போயிடலாம்' என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்ளலாம். மற்ற பேச்சை எட்டு மணிக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம்.